முதலில் பிள்ளையின் பாதுகாப்பு: எங்கள் கொள்கைப் பிரகடனம்

பெற்றோர் பிரியும்போது பிள்ளை யாரிடம் வளர வேண்டும், மற்றவர் எப்போது வந்து பார்க்கலாம் என்று தமிழ்நாட்டின் குடும்ப நீதிமன்றங்கள் நாள்தோறும் உத்தரவு எழுதுகின்றன. அப்படி எழுதப்படும் ஒவ்வோர் உத்தரவுக்கும் முன்னால் சில கேள்விகள் கேட்கப்பட வேண்டும் என்கிறோம். அந்த வீட்டில் அடி உதை இருந்ததா? மிரட்டல் இருந்ததா? இனியும் இருக்குமா? இதற்கு விடை தேடாமல் எந்தப் பிள்ளையையும் ஒரு மணி நேரத்துக்குக்கூட யாரிடமும் அனுப்பி வைக்கக் கூடாது. இதைச் சொல்லவும், சொன்னதை நடைமுறைக்குக் கொண்டுவரவும் இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

எங்களில் அடிபட்டு வெளியே வந்த தாய்மார்கள் இருக்கிறார்கள். குடும்ப நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர்கள், ஆற்றுப்படுத்துநர்கள், பள்ளி ஆசிரியர்கள், பேரப்பிள்ளையை வளர்க்கும் தாத்தா பாட்டிகள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட வீடுகளில் வளர்ந்து இன்று முப்பது, நாற்பது வயதைத் தொட்டுவிட்டவர்களும் இருக்கிறார்கள். இந்தப் பிரகடனத்தின் பல வரிகள் அவர்கள் சொல்லி எழுதியவை. தகப்பன்மார்களும் இருக்கிறார்கள். நல்ல தகப்பனிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பது எங்கள் நோக்கமல்ல என்பதற்கு அவர்கள் இட்டிருக்கும் கையெழுத்தே சாட்சி.

இன்று நடப்பது இதுதான். கணவன் அடித்ததால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்ட ஒரு பெண் மகளிர் காவல் நிலையத்துக்குப் போகிறாள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குச் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கிடைக்கிறது. பிறகு மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் மனுக் கொடுக்கிறாள். அவர் விசாரித்து, டி.ஐ.ஆர். என்று எல்லோரும் சொல்லும் குடும்ப வன்முறை அறிக்கையை நடுவர் நீதிமன்றத்துக்கு அனுப்புகிறார். அது ஒரு கட்டு. சில வாரங்களில் கணவன் தரப்பிலிருந்து குடும்ப நீதிமன்றத்தில் வேறொரு மனு விழுகிறது. பிள்ளையைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும், வழக்கு முடியும்வரை வாரந்தோறும் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி போடப்படும் அந்த மனுவுக்கு வழக்கறிஞர்கள் வழங்கும் பெயர் ஜி.டபிள்யூ.ஓ.பி. அது இன்னொரு கட்டு.

முதல் கட்டில், காதுச் சவ்வு கிழிந்ததற்கு அரசு மருத்துவமனையில் கொடுத்த சீட்டு இருக்கிறது. இரண்டாவது கட்டில், மனுதாரர் பிள்ளையின் இயற்கைக் கார்டியன், பிள்ளைமீது அளவற்ற பாசம் கொண்டவர் என்று எழுதியிருக்கிறது. இரண்டும் வெவ்வேறு நீதிமன்றங்களில், வெவ்வேறு நீதிபதிகளின் மேசைமேல் கிடக்கின்றன. இடைக்கால உத்தரவு போடும் நாளில் குடும்ப நீதிமன்ற நீதிபதியின் கண்ணில் படுவது பெரும்பாலும் இரண்டாவது கட்டு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை என்று ஒரு வரியில் உத்தரவு வந்துவிடுகிறது.

பிள்ளையை ஒப்படைக்கும் இடத்தை நேரில் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை. நீதிமன்ற வளாகத்துக் குழந்தைகள் மையமாக இருக்கலாம், கோயில் வாசலாக இருக்கலாம், ஷாப்பிங் மாலின் நுழைவாயிலாக இருக்கலாம். அம்மாவின் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி நிற்கிறாள். சுற்றியிருக்கும் பெரியவர்கள் ஆளுக்கொரு பக்கம் சமாதானம் சொல்கிறார்கள். "அப்பாதானே, போயிட்டு வாடா கண்ணு." "பொம்மை வாங்கித் தருவாரும்மா." எதற்கும் அவள் அசையவில்லை. கடைசியில் ஒருவர், "நீ போகலைன்னா அம்மாவைப் போலீஸ் புடிச்சிட்டுப் போயிடும்" என்கிறார். உடனே விரலை விடுவித்துக்கொண்டு நடக்கிறாள். நின்றவர்கள் எல்லாம் அப்பாடா என்று மூச்சு விடுகிறார்கள். அம்மாவுக்கு ஒன்றும் ஆகக் கூடாதென்றால் தன் பயத்தை வெளியே காட்டக் கூடாது என்று அந்தப் பிள்ளைக்குப் பாடம் நடத்தியாகிவிட்டது. அன்று மாலை எழுதப்படும் குறிப்பில், பிள்ளை தயக்கமின்றித் தந்தையுடன் சென்றது என்று இருக்கும். அடுத்த வாய்தாவில் அது ஆதாரமாக வாசிக்கப்படும்.

அந்த ஏழு மணி நேரத்தில் நடப்பவற்றைப் பிள்ளைகளே பின்னாளில் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். "அம்மா யார்கூடப் போன்ல பேசுறா? வீட்டுக்கு யாரெல்லாம் வர்றாங்க? புது ஸ்கூல் எந்தத் தெருவுல இருக்கு?" பிரிந்துபோனவளை இனிமேல் அடிக்க முடியாது. ஆனால் பிள்ளையின் வாய் வழியாக அவளைக் கண்காணிக்க முடியும், பிள்ளையின் கையில் செய்தி சொல்லி அனுப்பி மிரட்ட முடியும், வேண்டுமென்றே இரண்டு மணி நேரம் தாமதமாகக் கொண்டுவந்து விட்டு அவள் உயிரை வாங்க முடியும். எங்களோடு இருக்கும் ஓர் ஆசிரியை தன் வகுப்பில் பார்த்ததைச் சொன்னார். மற்ற நாள்களில் ஓயாமல் பேசும் பையன், திங்கட்கிழமை மதியம் மட்டும் சாப்பாட்டு டப்பாவின் கிளிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பான், ஒரு வாய்கூடச் சாப்பிட மாட்டான். இதை எந்த நீதிமன்றமும் அந்த ஆசிரியையிடம் கேட்டதில்லை.

"பெண்டாட்டிகூடத்தான் தகராறு, புள்ளைமேல உயிரையே வச்சிருக்கான்." காவல் நிலையத்திலும், சமரசப் பேச்சிலும், நீதிமன்ற வராந்தாவிலும் நாங்கள் ஓயாமல் கேட்பது இது. இதை நாங்கள் ஏற்க மறுக்கிறோம். தாயை அடிப்பவன் பிள்ளையின் வீட்டைத்தான் அடித்து நொறுக்குகிறான். சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கும் பிள்ளை தூங்குவதாக நினைப்பது பெரியவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் பொய். அது விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தத்தை வைத்தே அப்பா இன்று குடித்திருக்கிறாரா என்று சொல்லிவிடக் கற்றிருக்கிறது. அமெரிக்காவில் 1998இல் வெளியான ஓர் ஆய்வு, ஆயிரக்கணக்கான பெரியவர்களின் சிறுவயது அனுபவங்களையும் இன்றைய உடல்நலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தது. தாய் அடிபடுவதைப் பார்த்து வளர்வதையும், பிள்ளையே அடிபடுவதையும் அது ஒரே பட்டியலில் வைத்தது. அந்தப் பட்டியலில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட துயரங்களை அனுபவித்தவர்களிடம் குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து பல மடங்கு கூடியிருந்தது.

இது ஏதோ சில வீடுகளின் கதை என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வில், மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் இந்திய அளவில் 100க்கு 29 பேர், தமிழ்நாட்டில் 38 பேர். படிப்பிலும் மருத்துவத்திலும் முன்னால் நிற்பதாகப் பெருமைப்படும் மாநிலம் இந்தக் கணக்கில் நாட்டின் சராசரியைவிட மோசமாக நிற்கிறது. இதற்காக நாம் வெட்கப்பட வேண்டும்.

பிரிந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்ற எண்ணமும் தவறு. அடங்கியிருந்தவள் வெளியேறியதும் கட்டுப்பாடு கைநழுவியவனின் ஆத்திரம் கூடுகிறது. பிரிவுக்குப் பிந்தைய மாதங்கள்தான் மிகவும் அபாயமானவை என்பது குடும்ப வன்முறையை ஆராய்ந்தவர்கள் பல நாடுகளில் கண்டறிந்தது. நம் நீதிமன்றங்களில் பிள்ளையைப் பார்க்க இடைக்கால உத்தரவு பிறப்பதும் சரியாக அதே மாதங்களில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? நாம் கையில் வைத்திருக்கும் பாதுகாவலர் சட்டம் 1890ஆம் ஆண்டில், மனைவியே கணவனின் காப்பில் இருந்த காலத்தில் எழுதப்பட்டது. அதன் 17ஆவது பிரிவு பிள்ளையின் நலனைக் கணிக்க வயது, பால், மதம், பாதுகாவலராக வர விரும்புகிறவரின் குணம், தகுதி, உறவின் நெருக்கம் என்று வரிசையாகச் சொல்கிறது. வன்முறை என்ற பேச்சே அதில் இல்லை. 25ஆவது பிரிவோ, பாதுகாவலரிடமிருந்து போய்விட்ட பிள்ளையைக் கைது செய்தே திரும்ப ஒப்படைக்கலாம் என்கிறது. விக்டோரியா மகாராணி காலத்து வரி அது, இன்றும் சட்டப் புத்தகத்தில் உயிரோடு இருக்கிறது. 1956ஆம் ஆண்டு இந்து இளவர் சட்டம் பிள்ளையின் நலனே தலையாயது என்று அறிவித்தது, ஆனால் இயற்கைக் கார்டியன் முதலில் தகப்பன், அவருக்குப் பிறகே தாய் என்றும் எழுதியது. 1999இல்தான் உச்ச நீதிமன்றம் அந்தப் 'பிறகு' என்பதைத் தகப்பன் இறந்த பிறகு என்று மட்டும் படிக்கக் கூடாது என்று திருத்தி வாசித்தது.

ஆனால் நமக்குத் துணையாக நிற்கும் சட்டமும் இருக்கிறது, அதை மறந்துவிட்டோம் என்பதுதான் எங்கள் ஆதங்கம். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் 21ஆவது பிரிவைப் பாருங்கள். எதிர்மனுதாரர் வந்து பார்ப்பது பிள்ளையின் நலனுக்குக் கேடு விளைவிக்கலாம் என்று நடுவர் கருதினால், அந்தச் சந்திப்பை அவர் மறுத்தே ஆக வேண்டும். மறுக்கலாம் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. அதே சட்டத்தின் 26ஆவது பிரிவு, இந்த நிவாரணங்களைக் குடும்ப நீதிமன்றத்திலேயே கேட்டுப் பெற முடியும் என்கிறது. இரண்டு கட்டுகளையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரும் வழியைச் சட்டம் அன்றே திறந்து வைத்துவிட்டது. அந்த வழியில் நடக்க யாரும் பழக்கப்படவில்லை.

உச்ச நீதிமன்றமும் வழிகாட்டாமல் இல்லை. பிள்ளைகள் பெற்றோரின் சொத்தும் அல்லர், விளையாட்டுப் பொம்மைகளும் அல்லர் என்று அது 1973இலேயே சொன்னது. அது சென்னையிலிருந்து போன வழக்கு. 2008இல் மேற்கு வங்காளத்திலிருந்து ஒரு வழக்கு வந்தது. தாய் இறந்துவிட்டாள். அவள் சாவு தொடர்பாகக் கணவன்மீதே குற்றவழக்கு நடந்துகொண்டிருந்தது. அம்மாவைப் பெற்ற தாத்தா பாட்டியிடம் வளர்ந்த சிறுவனைத் தகப்பனிடம் ஒப்படைக்கக் கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டிருந்தன. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பாதுகாவலராக வர விரும்புகிறவரின் குணத்தைப் பார்க்கச் சட்டம் சொல்லும்போது, அவர்மீதுள்ள குற்றவழக்கைப் பார்க்காமல் எப்படி முடிவெடுத்தீர்கள் என்று கேட்டது. நீதிபதிகள் அந்தச் சிறுவனிடமே பேசினார்கள். தகப்பனிடம் போக விருப்பமில்லை என்று அவன் தெளிவாகச் சொன்னான். குணம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் வன்முறையின் வரலாறு முழுவதும் அடங்கும் என்பதே அந்தத் தீர்ப்பிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்ளும் பொருள். ஒவ்வொரு வழக்கிலும் அதை முன்வைப்போம்.

அடுத்து, கவுன்சிலிங். இதைப் பற்றி நீளமாகவே பேச வேண்டியிருக்கிறது. 1984ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டம் சமரசத்துக்கு முயல வேண்டும் என்று நீதிமன்றத்துக்குக் கடமை விதித்தது. நல்ல நோக்கம்தான். எத்தனையோ குடும்பங்கள் அந்த அறையிலிருந்து சேர்ந்து வெளியே வந்திருக்கின்றன. ஆனால் வழக்கின் தன்மைக்கும் சூழ்நிலைக்கும் பொருந்துகிற அளவில் என்று ஒரு வரம்பையும் அதே 9ஆவது பிரிவு போட்டிருக்கிறது. அடித்தவனையும் அடிபட்டவளையும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார வைத்துவிட்டு, "புள்ளைக்காக அனுசரிச்சுப் போங்கம்மா" என்று சொல்வது அந்த வரம்பை மீறுவது. அவன் எதுவும் பேச வேண்டியதில்லை. மேசைமேல் விரலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், அவள் அடுத்து சொல்ல வந்ததை விழுங்கிவிடுவாள். அந்தத் தட்டலின் பொருள் அவளுக்கும், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் தெரியும், கவுன்சிலருக்குத் தெரியாது. பிறகு, ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன் என்று அவள் போட்ட கையெழுத்து, மனமொத்த ஏற்பாடு என்று பதிவாகும்.

ஊரும் உறவும் இந்தப் பேச்சுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கின்றன. அடிக்கிற கைதான் அணைக்கும் என்கிறார்கள். குடிச்சா மட்டும்தான் இப்படி, மத்த நேரத்துல தங்கமான மனுஷன் என்கிறார்கள். தகப்பன் இல்லாத பிள்ளை தறுதலையாகிவிடும் என்கிறார்கள். அடிக்கும் தகப்பனைப் பார்த்து வளரும் பிள்ளை என்னவாகும் என்று யாரும் கேட்பதில்லை.

எங்களைப் பார்த்துக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: பெண்கள் பொய்ப்புகார் கொடுத்தால்? கேட்பதில் தவறில்லை. நீதிமன்றத்துக்கு வரும் எந்த வகைப் புகாரிலும் பொய் கலக்க வாய்ப்புண்டு, இதிலும் உண்டு. அதற்கு மருந்து விசாரணைதான். புகார் வந்தவுடன் உண்மையைக் கண்டறிய முறையான ஏற்பாடு வேண்டும் என்றுதான் நாங்களும் கேட்கிறோம். இன்று அந்த ஏற்பாடு இல்லாததால், உண்மையைச் சொன்னவளும் பொய் சொன்னவளும் ஒரே சந்தேகத்துக்கு ஆளாகிறார்கள். விசாரிக்காமலே தகப்பனைக் குற்றவாளியாக்குவதையும் நாங்கள் ஏற்கவில்லை. வன்முறை செய்பவர் தாயாக இருந்தாலும், அவளுடைய புதிய துணையாக இருந்தாலும், பாட்டியாக, சித்தப்பாவாக இருந்தாலும் எங்கள் கேள்வி மாறாது.

இன்னொரு ஆயுதமும் அண்மைக் காலத்தில் நம் நீதிமன்றங்களுக்குள் வந்திருக்கிறது. தகப்பனைக் கண்டு பிள்ளை பயந்தால், அந்தப் பயத்தைத் தாய்தான் ஊட்டியிருக்கிறாள் என்ற வாதம் அது. 1985இல் ரிச்சர்ட் கார்ட்னர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதை ஒரு நோய்க்குறியாகவே முன்வைத்தார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் அது இடம்பெறவில்லை. பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ரீம் அல்சலேம் 2023இல் மனித உரிமை மன்றத்தில் வைத்த அறிக்கை, காப்பு வழக்குகளில் இந்த வாதத்தைப் பயன்படுத்துவதையே அரசுகள் தடை செய்ய வேண்டும் என்று கேட்டது. பிரிந்த பெற்றோரில் ஒருவர் மற்றவரைப் பற்றிப் பிள்ளையிடம் கெட்டதாகச் சொல்வது நடக்கிறது, அது பிள்ளைக்குத் தீங்குதான். ஆனால் வன்முறை இருந்ததா என்று பார்த்து முடிப்பதற்கு முன்பே இந்த வாதத்தைக் கையில் எடுத்தால், பயந்த பிள்ளையின் பயமே தாய்க்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது.

வேறு நாடுகள் இந்தப் பாதையில் இடறி விழுந்து எழுந்திருக்கின்றன. நியூசிலாந்தின் வாங்கனூயி நகரில் 1994இல் காப்பு வழக்கின் நடுவே ஒரு தகப்பன் தன் மூன்று பெண்பிள்ளைகளைக் கொன்றான். அடுத்த ஆண்டே அந்த நாடு சட்டத்தைத் திருத்தி, வன்முறை செய்தவரிடம் பிள்ளை பத்திரமாக இருக்கும் என்று நீதிமன்றம் திருப்தி அடையும்வரை மேற்பார்வை இல்லாத சந்திப்பு கிடையாது என்றது. ஆஸ்திரேலியா 2006இல் எதிர்த் திசையில் போனது. பிரிந்த பெற்றோர் இருவருக்கும் சமமான பொறுப்பு என்று நீதிமன்றம் முன்கூட்டியே கருத வேண்டும் என்று சட்டம் செய்தது. வன்முறைக்கு விலக்கு இருந்தது. ஆனால் மற்ற பெற்றோருடன் பிள்ளையின் உறவை யார் எவ்வளவு ஊக்குவிக்கிறார் என்பதையும் அதே சட்டம் எடைபோடச் சொன்னது. வன்முறையை வெளியே சொன்னால் உறவைக் கெடுப்பவள் என்ற பெயர் வரும் என்று தாய்மார்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

2014 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் டயப் என்ற ஊரில், கிரிக்கெட் பயிற்சி நடந்த மைதானத்திலேயே 11 வயது லூக் பேட்டியை அவன் தகப்பன் கொன்றான். அவன் தாய் ரோசி பேட்டி நாடெங்கும் போய்ப் பேசினார். விக்டோரியா அரசு அமைத்த விசாரணை ஆணையம் 2016இல் 227 பரிந்துரைகளைக் கொடுத்தது. உறவை ஊக்குவிப்பது பற்றிய அந்தப் பிரிவு 2012இலேயே போயிருந்தது. சமப் பொறுப்பு என்ற முன்முடிவையும் 2024 மே 6 முதல் ஆஸ்திரேலியா நீக்கிவிட்டது. நம் நாட்டிலோ, பிள்ளையின் பொறுப்பைப் பெற்றோர் இருவரிடமும் தரும் கூட்டுக் காப்பைச் சட்டத்தில் சேர்க்கச் சட்ட ஆணையம் 2015இல் தன் 257ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. ஒருவரையொருவர் மதிக்கும் பெற்றோருக்கு அது நல்ல ஏற்பாடு. வன்முறை இருந்த வீட்டில் அது அடிப்பவனுக்குக் கையில் கொடுக்கும் சாவி. பள்ளி மாற்றவும் பாஸ்போர்ட் எடுக்கவும் பிள்ளைக்கு ஆபரேஷன் செய்யவும் அவன் கையெழுத்துக்காக அவள் மீண்டும் அவன் வாசலில் நிற்க வேண்டிவரும். ஆஸ்திரேலியா பதினெட்டு ஆண்டுகள் கழித்து விட்ட இடத்தை நாம் புதிதாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

எனவே நாங்கள் கோருவது: பிள்ளையைக் கேட்டு மனுப் போடும் ஒவ்வொருவரும், இரு தரப்புக்கும் இடையே உள்ள குடும்ப வன்முறை வழக்குகள், காவல் நிலையப் புகார்கள், டி.ஐ.ஆர். ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லியாக வேண்டும். மறைத்தால் மனு நிற்கக் கூடாது. நீதிமன்றமும் அந்தக் கட்டுகளை வரவழைத்துப் படித்த பிறகே இடைக்கால உத்தரவு போட வேண்டும். வன்முறைக்கு முதல் நோக்கில் ஆதாரம் இருந்தால், பிள்ளை தன்னிடம் பத்திரமாக இருக்கும் என்று காட்டும் பொறுப்பு அதைச் செய்தவர் தலையில் விழ வேண்டும். கதவை என்றென்றைக்குமாக அடைக்கச் சொல்லவில்லை. குடியை நிறுத்திச் சிகிச்சை எடுத்தவர், செய்ததை ஒப்புக்கொண்டு மாறியவர், மேற்பார்வையில் பிள்ளையைப் பார்த்துப் பிள்ளையின் நம்பிக்கையை மீண்டும் பெறட்டும். அதற்குப் பிள்ளையின் வேகமே வேகம்.

அந்த மேற்பார்வைக்கு மாவட்டந்தோறும் இடம் வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஏற்கெனவே இருக்கிறது, பயிற்சி பெற்ற பணியாளர்களை அங்கே அமர்த்தலாம். பெற்றோர் வந்துபோக இரண்டு தனி வாசல்கள் இருக்க வேண்டும். ஒருவர் போய்க் கால் மணி நேரம் கழித்தே மற்றவர் வர வேண்டும். கேட்க எளிமையான ஏற்பாடுதான், ஆனால் தெருமுனையில் காத்திருந்தவனிடம் அடிபட்டவர்களைக் கேட்டால் அதன் அருமை தெரியும். தாயும் பிள்ளையும் தங்கியிருக்கும் முகவரியும் பள்ளியின் பெயரும் வழக்குக் காகிதங்களில் எதிர்த்தரப்புக்குப் போகக் கூடாது. வன்முறை வழக்குகளில் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கவுன்சிலிங் செய்யக் கூடாது.

பிள்ளையின் பேச்சைக் கேட்க வேண்டும், கேட்கும் விதத்தில் கேட்க வேண்டும். "அம்மா வேணுமா, அப்பா வேணுமா?" என்பது எந்தப் பிள்ளையிடமும் கேட்கக் கூடாத கேள்வி. எதைச் சொன்னாலும் ஒருவருக்குத் துரோகம் என்று அதன் மனம் உடையும். அப்பா வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகும், எப்போது பயமாக இருக்கும், பயம் வந்தால் யாரிடம் போவாய் என்று பழகியவர் ஒருவர் மெல்லக் கேட்டால் போதும். அது சொன்னது எதிர்த்தரப்பின் காதுக்கு அப்படியே போய்ச் சேராதபடி காக்க வேண்டும். 1992இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, தன்னைப் பற்றிய வழக்கில் பிள்ளை பேசக் கேட்கப்படுவது அதன் உரிமை என்கிறது. பெற்றோர் இருவரோடும் தொடர்பில் இருக்கும் உரிமையைத் தரும் அதே உடன்படிக்கை, பிள்ளையின் நலனுக்கு அது மாறாக இருந்தால் தவிர என்றும் சேர்த்தே சொல்கிறது. நம் ஊரில் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

இவற்றில் பெரும்பகுதிக்கு நாடாளுமன்றத்தை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 21ஆவது பிரிவு உயர் நீதிமன்றத்துக்கும், 23ஆவது பிரிவு மாநில அரசுக்கும் விதிகள் வகுக்கும் அதிகாரம் தந்திருக்கின்றன. 1890ஆம் ஆண்டுச் சட்டத்தையே திருத்த வேண்டுமென்றால், திருமணமும் இளவர் நலனும் பொதுப்பட்டியலில்தான் இருக்கின்றன, மாநிலச் சட்டமன்றமும் திருத்தம் கொண்டுவரலாம். இந்த மாநிலம் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தத் தயங்கியதில்லை. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1967இல் சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கினோம். 1989இல் பூர்விகச் சொத்தில் மகளுக்குப் பங்கு கொடுத்தோம். அதை நாடு முழுவதற்கும் கொண்டுபோக மத்திய அரசுக்கு 2005 ஆனது. குடும்பச் சட்டத்தில் மற்றவர்களுக்கு வழிகாட்டிய வரலாறு நமக்கு உண்டு. அந்த வரலாற்றின் பெயரால்தான் கேட்கிறோம்.

இந்த இயக்கம் தேர்தலில் நிற்காது, எந்தக் கட்சியின் கிளையாகவும் இருக்காது. ஒப்படைக்கும் இடத்துக்குத் தனியாகப் போகப் பயப்படும் தாயோடு எங்கள் தோழர்கள் போவார்கள், நடந்ததை நடந்தபடி எழுதி வைப்பார்கள். குடும்ப நீதிமன்றங்களின் இடைக்கால உத்தரவுகளைப் பெயர் நீக்கித் தொகுத்து, வன்முறை பற்றிய கேள்வி எத்தனையில் கேட்கப்பட்டது என்று ஆண்டுதோறும் வெளியிடுவோம். மேலே சொன்னவற்றை வரைவு விதிகளாக எழுதி உயர் நீதிமன்றத்திடமும் அரசிடமும் ஒப்படைப்பதே எங்கள் முதல் வேலை. அதன் வாசகத்தை எழுத ஐந்து வழக்கறிஞர்களும், வன்முறை நிறைந்த வீட்டில் வளர்ந்த மூவரும் கொண்ட குழு அமைக்கப்பட்டிருக்கிறது. அந்த மூவரின் ஒப்புதல் இல்லாமல் ஒரு வரியும் வெளியே போகாது.

உறுப்பினராகச் சேர விரும்புகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை, உறுதிமொழி உண்டு. தன் வீட்டில் கை ஓங்குவதில்லை என்றும், தன் உறவில் யாராவது ஓங்கினால் பிள்ளைக்காகப் பொறுத்துப் போ என்று அந்தப் பெண்ணிடம் சொல்வதில்லை என்றும் கையெழுத்திட வேண்டும். இன்றிரவே ஆபத்தில் இருப்பவர்கள் எங்கள் முகவரியைத் தேட வேண்டாம். பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098, இரண்டும் நாள் முழுதும் இயங்குகின்றன. பேசி முடித்த பிறகு எங்களைக் கூப்பிடுங்கள். பாதுகாப்பு அலுவலரிடமும், அங்கிருந்து நீதிமன்றத்துக்கும் உங்களோடு வருகிறோம்.